மௌனம் வேறு, மறைப்பு வேறு

2025 செப்டம்பர் 4 அன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற கணினி விளையாட்டு வெளியானது. வெளியான சில நிமிடங்களிலேயே ஸ்டீம் உள்ளிட்ட இணைய விற்பனை நிலையங்கள் கூட்டம் தாங்காமல் திணறின. 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விளையாட்டு அது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் பெரும்பகுதியும் அதைச் செய்தவர்கள் வாய் திறக்கவில்லை. 'இன்றும் செய்தி ஏதுமில்லை' என்று சொல்வதற்காகவே ஒரு ரசிகர் நாள்தோறும் காணொளி வெளியிட்டு வந்தார் என்றால் மற்றவற்றை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விளையாட்டு வந்ததும், ரசிகர்களுக்குள் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த சண்டையில் ஒரு தரப்பு வெற்றி முரசு கொட்டிவிட்டது. பொறுத்தார் பூமி ஆள்வார், இனியாவது சிறு குழுக்களை நச்சரிக்காமல் இருங்கள் என்பது அவர்களது முழக்கம். எனக்கு இந்த முழக்கத்தில் உடன்பாடில்லை. 'பணம் கொடுத்தோம், மாதம் ஒரு கடிதமாவது எழுது' என்று மேசையைத் தட்டும் எதிர்த்தரப்போடும் உடன்பாடில்லை. இரு தரப்பினரும் தவறான கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதே என் வாதம்.

விளையாட்டுகளில் ஆர்வமில்லாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கிக்ஸ்டார்ட்டர் என்பது 2009இல் தொடங்கப்பட்ட ஒரு நிதிதிரட்டும் தளம். பெரிய நிறுவனங்களின் கையை எதிர்பாராத சுயேச்சையான விளையாட்டுக் குழுக்கள், 'இப்படியொன்றைச் செய்ய நினைக்கிறோம், இவ்வளவு பணம் வேண்டும்' என்று அங்கே அறிவிக்கும். விருப்பமுள்ளவர்கள் பத்தோ இருபதோ டாலர் போடுவார்கள். வேலை முடிந்ததும் விளையாட்டு அவர்களுக்கு வந்துசேரும். முடிவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைக் குழுவினர் அவ்வப்போது எழுதித் தெரிவிப்பார்கள். அந்தக் கடிதங்கள் அருகும்போது சண்டை மூள்கிறது.

பொறுமைக் கட்சியின் அடிப்படை வாதம், கலையை அவசரப்படுத்தக் கூடாது என்பது. பணக் கட்சியின் அடிப்படை வாதம், காசு கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது. இரண்டுமே உண்மை. ஆகவேதான் சண்டை முடிவதில்லை. தாமதத்தைப் பொறுத்தவரை பொறுமைக் கட்சியின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்து ஈத்தன் மோலிக் என்ற பேராசிரியர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட திட்டங்கள் சொன்ன தேதியைத் தவறவிட்டிருந்தன. 2015இல் அவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, வாக்களித்ததைக் கடைசிவரை கொடுக்காமலே போனவை சுமார் 9 விழுக்காடு. தாமதம்தான் இங்கே விதி, குறித்த நாளில் வருவது விலக்கு. 2012இலேயே 'நாங்கள் கடை அல்ல' என்று கிக்ஸ்டார்ட்டர் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் தேதியைப் பிடித்துத் தொங்குவது பேதைமை.

ஆனால் பொறுமைக் கட்சி தன் கொடியில் 'சில்க்சாங்'கின் படத்தை வரைந்துகொள்வதற்கு எந்த உரிமையும் இல்லை. அந்தக் கதையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு, 2014 இறுதியில் 'ஹாலோ நைட்' விளையாட்டுக்காக 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டது. 2,158 பேர் சேர்ந்து 57,000 டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் அந்த விளையாட்டு வந்தது. பணம் போட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்கியிருந்தது, ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து ஓர் இணைப்புப் பகுதி தருவதாகச் சொன்ன வாக்குறுதி. அது வளர்ந்து தனி விளையாட்டாகிவிட்டது என்பதையும், பழைய ஆதரவாளர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கும் என்பதையும் 2019இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். 'ஹாலோ நைட்' பல இலட்சம் பிரதிகள் விற்றது. ஆகவே அடுத்த ஆறு ஆண்டுகளும் அவர்கள் உண்டது தங்கள் உழைப்பின் சோறு. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்டின் நிகழ்ச்சியொன்றில் இவ்விளையாட்டு ஓராண்டுக்குள் வந்துவிடும் என்ற எண்ணம் விதைக்கப்பட்டபோது, அது நடக்காது என்று தெரிந்ததும் 2023 மே மாதத்தில் சொல்லிவிட்டார்கள். சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னார்கள், சொல்ல ஒன்றுமில்லாதபோது சும்மா இருந்தார்கள். தாங்கள் எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை, வேலையை அனுபவித்துச் செய்ததாலேயே அது நீண்டது என்று 2025இல் ஒரு நேர்காணலில் விளக்கினார்கள்.

இந்த மௌனத்துக்கும், ஆதரவாளர்களின் பணத்தை மட்டுமே நம்பித் தொடங்கி, அது கரைந்துவிட்ட பிறகு மௌனமாகும் ஒரு குழுவின் மௌனத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. முன்னதைக் காட்டிப் பின்னதற்கு நற்சான்று வழங்குவது அநியாயம்.

பணக் கட்சிக்கு வருவோம். அடிக்கடி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதை முறியடிக்க 'ஸ்டார் சிட்டிசன்' ஒன்றே போதும். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 21 இலட்சம் டாலர் திரட்டித் தொடங்கிய திட்டம் அது. 2014இல் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ரசிகர்களிடமிருந்து வந்த மொத்தப் பணம் 80 கோடி டாலரைத் தாண்டிய 2025ஆம் ஆண்டிலும் அது சோதனை வடிவிலேயே இருந்தது. தகவலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. கட்டுரைகள், காணொளிகள், திட்ட அட்டவணைகள், வாரந்தோறும் ஏதாவது ஒன்று. அவர்கள் எதையாவது மறைத்தார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. கடிதங்களின் எண்ணிக்கைக்கும் வேலை முடிவதற்கும் தொடர்பில்லை என்று மட்டுமே சொல்கிறேன். சமையல் குறிப்பைத் தினமும் வாசித்துக் காட்டினால் இலையில் சோறு விழாது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. உண்மையைச் சொன்னவனை நாம் என்ன செய்தோம்? டபுள் ஃபைன் நிறுவனத்தின் டிம் ஷேஃபர் 2012இல் 4 இலட்சம் டாலர் கேட்டார். 87,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 33 இலட்சத்துக்கும் மேல் கொட்டினார்கள். படப்பிடிப்புக் குழு ஒன்றை உள்ளேயே அமர்த்தி, சந்திப்புகளையும் சறுக்கல்களையும் ஆவணப்படமாக்கி ஆதரவாளர்களுக்குக் காட்டினார். 2013 ஜூலையில், கற்பனை பணத்தை மீறி வளர்ந்துவிட்டது, எனவே விளையாட்டை இரண்டாகப் பிரித்து முதற்பகுதியின் விற்பனையில் மறுபகுதியை முடிப்போம் என்று எழுதினார். இதைவிட நேர்மையாக ஒருவர் எப்படி எழுத முடியும்? கிடைத்தது வசவு. எட்டு மடங்கு பணம் வாங்கியும் போதவில்லையா என்ற ஏளனம். 2014 ஜனவரியில் முதற்பகுதியும் 2015 ஏப்ரலில் இரண்டாம் பகுதியும் 'புரோக்கன் ஏஜ்' என்ற பெயரில் வந்துசேர்ந்தன. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மற்றக் குழுக்கள் அதிலிருந்து கற்ற பாடம் என்னவாக இருந்திருக்கும்? உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாமலிருப்பதே உடம்புக்கு நல்லது என்பதாகத்தான் இருந்திருக்கும். குழுக்கள் ஊமையாகிவிட்டன என்று புலம்பும் ரசிகர்கள், அவற்றின் வாயில் அடித்த கைகளில் தங்கள் கையும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய கதையே அன்று. முன்பணம் வாங்கி நூல் வெளியிடும் வழக்கம் மிகப் பழையது. நம்மிடம் அதற்குக் 'கையொப்பம்' என்ற அழகிய சொல்லே உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கக் கையொப்பம் திரட்டியதைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் சாமுவேல் ஜான்சன். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்பு ஒன்றைக் கொண்டுவரப்போவதாக 1756இல் அறிவித்து முன்பணம் வாங்கினார். அடுத்த ஆண்டு இறுதிக்குள் முடிப்பதாக வாக்கு. ஆண்டுகள் ஓடின. 1762இல் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், காசை வாங்கிக்கொண்டு நூலைக் கொடுக்காத ஜான்சனைத் தம் அங்கதக் கவிதையில் குத்திக்காட்டினார். 1765இல்தான் பதிப்பு வந்தது. அதன் முன்னுரை இன்றும் ஷேக்ஸ்பியர் விமரிசனத்தின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்று.

பொறுமைக் கட்சி 'அந்த முன்னுரையைப் பாருங்கள்' என்னும். பணக் கட்சி 'சர்ச்சிலின் சாட்டையடி இல்லையென்றால் அதுவும் வந்திராது' என்னும். நான் பார்ப்பது வேறொன்றை. கையொப்பமிட்டவர்களின் பட்டியலைத் தொலைத்துவிட்டதாகவும், பணத்தைச் செலவழித்துவிட்டதாகவும் ஜான்சன் வேடிக்கையாகச் சொன்னார் என்று அவரைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன. வேடிக்கைதான். நூல் வருவதற்கு முன்பே அதை அவர் சொன்னார், ஆனால் வேடிக்கையாக மட்டுமே. காத்திருந்த எட்டொன்பது ஆண்டுகளில் தெரியப்படுத்தியிருக்க வேண்டிய ஒரே செய்தி அதுதான்.

நானும் இதில் அடிபட்டவன். 2013இல், இருவர் மட்டுமே இருந்த ஒரு குழுவுக்கு 30 டாலர் கட்டினேன். பெயர் வேண்டாம். அன்றைய என் சம்பளத்தில் அது கிள்ளிக் கொடுக்கும் தொகையல்ல. முதலாண்டில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு பருவத்துக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டில் 'பணி மும்முரமாக நடக்கிறது, விரிவான செய்தி விரைவில்' என்று ஒரு கடிதம். அதுவே கடைசி. அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளுக்கு ஓராண்டு முன்பே இருவருமே வேறு வேலைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. 30 டாலர் போனது எனக்கு வலிக்கவில்லை. காத்திருந்ததும் வலிக்கவில்லை. அந்தக் கடிதம் வலித்தது. அவர்கள் எழுதாமலே இருந்திருந்தால் இன்று அவர்கள்மீது எனக்குக் கோபம் இருந்திராது. பணக் கட்சியின் அளவுகோலின்படியோ அவர்கள் அந்த ஆண்டிலும் கடமையைச் செய்தவர்கள், கடிதம் போட்டார்களல்லவா!

இந்த இடத்தில்தான் மௌனத்தையும் மறைப்பையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வேலை செய்கிறவன் பேசாமலிருப்பது மௌனம். வேலை நின்றதைச் சொல்லாமலிருப்பது மறைப்பு. பேசிக்கொண்டே மறைக்கவும் முடியும், பேசாமலே நேர்மையாக இருக்கவும் முடியும். பொறுமைக் கட்சி மறைப்பையும் மௌனமென்று மன்னிக்கச் சொல்கிறது. பணக் கட்சி மௌனத்தையும் மறைப்பென்று தண்டிக்கச் சொல்கிறது.

அப்படியானால் எதைத்தான் கேட்பது? மூன்றே செய்திகள். பணி நின்றுவிட்டதா? எங்கள் பணம் தீர்ந்துவிட்டதா? தருவதாகச் சொன்னது மாறிவிட்டதா? இவற்றில் ஒன்று நிகழ்ந்தால் உடனே சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். மூன்றும் நிகழாதவரை அவர்களைத் தொந்தரவு செய்யாமலிருக்கக் கடமைப்பட்டவர்கள் நாம். 2014இல் திருத்தப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் விதிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. முடிக்க இயலாதவர், என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுத்தது என்பதை ஆதரவாளர்களுக்கு விளக்க வேண்டும். விரைவைப் பற்றி அதில் பேச்சில்லை. கணக்கைப் பற்றிப் பேச்சு உண்டு.

அப்படிக் கணக்குச் சொன்னவர் ஒருவரும் இருக்கிறார், அவர் ஒரு நாவலாசிரியர். 'ஸ்னோ கிராஷ்' எழுதிய நீல் ஸ்டீஃபன்சன், 2012இல் வாள்போரை மையமாகக் கொண்ட 'கிளாங்' என்ற விளையாட்டுக்காக 5,26,000 டாலருக்கு மேல் திரட்டினார். 2014 செப்டம்பரில் திட்டம் முடிவுக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். செய்து பார்த்த மாதிரி விளையாடச் சுவையாக இல்லை என்பதையும், வரலாற்றுத் துல்லியத்தில் தாம் காட்டிய அக்கறையைச் சுவையில் காட்டாமல் போனதையும் அவரே எழுதினார். தோல்வியைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட எழுத்து அது. பணம் போட்டவர்களுக்கு விளையாட்டு கிடைக்கவில்லை, உண்மை. காத்திருக்க வேண்டியதில்லை என்ற விடுதலையாவது கிடைத்தது.

என் 30 டாலர் குழுவினர் இதில் பாதியளவு எழுதியிருந்தால் போதும். இன்னொரு முறை அவர்கள் கேட்டு வந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் அப்படி எழுத அவர்களுக்குத் துணிவு வந்திருக்க வேண்டுமானால், எழுதியவர்களை அடிக்காத ரசிகர்கள் இருந்திருக்க வேண்டும். அந்த ரசிகர்களுள் ஒருவனாக அன்று நான் இருந்தேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஷேஃபரின் கடிதம் வந்த நாட்களில், எட்டு மடங்கு பணம் என்னவாயிற்று என்று நானும் நண்பர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசியவன்தான்.