இல்லத்தரசியர் பக்கம்: கல்லுப்பும் கிறிஸ்மஸ் டாஃபியும்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கணக்குகள் ஒருங்கே எழும். புத்தாடைக்கு எவ்வளவு, பலகாரத்திற்கு எவ்வளவு என்பவையே அவை. முறுக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் பெரியவர்களுக்கு நிறைவளிக்கலாம். பிள்ளைகள் நாடுவதோ டாஃபியும் சாக்லேட்டும்தான். கடையில் விற்கும் அழகிய பெட்டியை வாங்கினால் விலையில் பாதி அட்டைக்கும் மினுமினுப்புத் தாளுக்கும் போய்விடுகிறது. ஆகவே வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று துணிகின்ற தாய்மார் பலர். மாலையில் கலகலவென்று உடைந்த டாஃபி, மறுநாள் காலையில் டப்பாவைத் திறக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாய்க் கசிந்து நிற்கும். சர்க்கரையின் அளவு தவறிவிட்டதோ என்று அவர்கள் நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் அளவில் குற்றமில்லை, காற்றில்தான் குற்றம்.

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள நம் கடற்கரைக்குக் கிறிஸ்மஸ் வருவது வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதியில். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. பெருவிழாவுக்குப் பதினைந்தே நாள்கள் இருந்த நேரம் அது. புயல் வராத ஆண்டிலும் அந்த நாள்களின் காற்று நனைந்த துணியைப் போன்றது. சற்று உள்ளே தள்ளியிருக்கும் செங்கற்பட்டிலும் மழைக்காலத்தில் கொளவாய் ஏரி நிரம்பித் ததும்புகையில் நிலைமை அதிகம் வேறுபடுவதில்லை.

இந்த ஈரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் இருக்கும் கல்லுப்புச் சாடியே போதும். (பொடியுப்பு வேண்டாம், அது கட்டி தட்டாதிருக்க வேறு பொருள் சேர்த்திருப்பார்கள்.) சாடியைத் திறந்து ஒரு கை உப்பை அள்ளிப் பாருங்கள். கலகலவென்று உதிர்ந்தால் அன்று டாஃபி செய்யலாம். உப்பு கசிந்து விரல்களில் ஒட்டினால் அன்று டாஃபி வேண்டாம். நாள் முழுவதையும் வீணாக்க வேண்டும் என்று பொருளல்ல. அன்று செய்வதற்கு வேறு உண்டு. அதைத்தான் இம்மாதம் சொல்ல விரும்புகிறேன்.

சர்க்கரைப் பாகைப் பற்றி நம் பாட்டிமார் அறிந்திருந்தது ஏராளம். அதிரசத்துக்கு ஒரு பதம், மைசூர்பாகுக்கு ஒரு பதம், பொருவிளங்காய் உருண்டைக்கு வேறொரு பதம் என்று அவர்கள் கண்ணாலும் விரலாலும் அறிந்தார்கள். பதம் என்பது பாகில் எஞ்சியிருக்கும் நீரின் கணக்கே. பாகு கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிறது, வெப்பமும் ஏறுகிறது. ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலுக்குள் மெத்தென்று உருளும். அது உருட்டுப் பதம். 150 டிகிரியை நெருங்கும்போது நீரில் விட்ட சொட்டு உடனே இறுகி, எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை எழுப்பும். அப்போது பாகில் நீர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குகூட இராது. கடக்கென்று உடையும் டாஃபிக்கு வேண்டியது இப்பதமே.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. அவ்வளவு நீரையும் இழந்த சர்க்கரை, கண்ணாடியைப் போல் இறுகி நிற்கிறது. ஆனால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சியபடியே இருக்கிறது. மேற்பரப்பு கரைந்து பிசுபிசுக்கத் தொடங்குகிறது. மாறாக, உருட்டுப் பதத்தில் இறக்கிக் கிளறி, சர்க்கரையை மீண்டும் நுண்ணிய மணிகளாகப் பூக்கவிட்ட பண்டம் அவ்வளவு எளிதில் ஈரத்துக்கு மசிவதில்லை. பால் டாஃபியும், பால் பவுடர் கொண்டு நாம் வீட்டில் செய்யும் சாக்லேட்டும் இவ்வகை. ஆகவே உப்பு கசியும் நாளில் பால் டாஃபியும் சாக்லேட்டும். உப்பு உதிரும் நாளில் கடினமான வெண்ணெய் டாஃபி. இந்த ஒரு பாகுபாட்டை மனத்தில் கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எளிதான சாக்லேட். சர்க்கரை 200 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, வெண்ணெய் 75 கிராம், பால் பவுடர் 200 கிராம், கோகோத் தூள் மூன்று மேசைக்கரண்டி. பால் பவுடரையும் கோகோத் தூளையும் சேர்த்து இருமுறை சலித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் சோம்பல் கூடாது. சலிக்காவிட்டால் கட்டி தட்டிவிடும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. சர்க்கரையையும் தண்ணீரையும் அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். விரல்களுக்கிடையே ஒற்றைக் கம்பி இழுபடும் பதம் வந்ததும் வெண்ணெயைச் சேர்த்துக் கரையவிட்டு, தீயை முற்றிலும் தணித்து, சலித்த தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். கலவை ஓரங்களை விட்டுச் சுருண்டு வரும்போது நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, இளஞ்சூட்டில் வில்லைகளாகக் கீறிவிடுங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முந்திரி, உலர்ந்த திராட்சை சேர்ப்பது அவரவர் வசதி.

பால் டாஃபி இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் பண்டிகைக்குத் தவறாத இனிப்பு. அங்கிருந்து வந்து நம் ஊர்களில் குடியேறிய குடும்பம் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்வது நலம். கைப்பக்குவம் எழுத்தில் முழுதாக வராது. அளவு இது: இனிப்பூட்டிய சுண்டிய பால் ஒரு டின் (400 கிராம் அளவு), சர்க்கரை 400 கிராம், தண்ணீர் கால் கோப்பை, வெண்ணெய் 50 கிராம், உடைத்த முந்திரி 100 கிராம், வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி. சர்க்கரை கரைந்த பின்னரே பாலை ஊற்ற வேண்டும். அதன்பின் கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. அடிபிடித்தால் கருகல் வாடை முழுவதையும் கெடுத்துவிடும். நிறம் பழுத்து, நீரில் விட்ட சொட்டு மெத்தென்று உருண்டதும் முந்திரியையும் எசென்ஸையும் சேர்த்து, மேலும் இரண்டொரு நிமிடம் கிளறித் தட்டில் கொட்டுங்கள். ஆறுமுன் வெட்டுங்கள். ஆறியபின் கத்தி வைத்தால் பொடிந்துபோகும்.

இனி, வெயில் எட்டிப் பார்த்து உப்பு உதிரும் நாளுக்கான வெண்ணெய் டாஃபி. சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு சில சொட்டுகள். எலுமிச்சைச் சாற்றில் நின்று கவனியுங்கள். அதிலுள்ள புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை வேறு இரு சர்க்கரைகளாகப் பிரித்து, பாகு மணல் மணலாகப் பூத்துவிடாமல் காக்கிறது. சொட்டுகள் போதும். கடற்கரையில் இருப்பவர்கள் தாராளமாகப் பிழிந்துவிட்டால், அவ்வாறு பிரிந்த சர்க்கரையே காற்றின் ஈரத்தை முந்திக்கொண்டு இழுக்கும். வெல்லத்தில் இப்பிரிந்த சர்க்கரை இயல்பாகவே இருப்பதால்தான் வெல்லப்பாகு மிட்டாய் மழைநாளில் இன்னும் விரைவாகக் கசிகிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வறண்ட கரிசல் பூமியின் பண்டம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதனை இங்கே மழை மாதத்தில் செய்து திறந்த தட்டில் வைத்தால் அதே மொறுமொறுப்பை எதிர்பார்க்க இயலாது.

வெண்ணெய் டாஃபிக்கு மிதமான, மாறாத தீ வேண்டும். திடீரென்று தீயைக் கூட்டினாலோ குறைத்தாலோ வெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். பொன்னிறமாகி, ‘டங்’ பதம் வந்தவுடன் வெண்ணெய் தடவிய தட்டில் மெல்லிதாகப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் கழித்து, நறுக்கிய சாக்லேட் 100 கிராம் அதன்மீது தூவினால் டாஃபியின் சூட்டிலேயே அது உருகும். கரண்டியின் பின்புறத்தால் தடவிவிடுங்கள். மேலே வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக இடித்த மணிலாக்கொட்டையைத் தூவி அழுத்துங்கள். முந்திரிக்கு ஆகும் செலவு மிச்சம். நம் மாவட்டத்து மணிலாவுக்குச் சுவையிலும் குறைவில்லை.

சாக்லேட் கட்டி வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கோகோ வெண்ணெய் என்று போட்டிருந்தால் அது முறையான சாக்லேட். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்டு எனப்படும் மலிவான வகை. கையாள எளிது, ஆனால் நாவில் மெழுகுபோல் நிற்கும். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில், அதாவது நம் வாயின் சூட்டிலேயே உருகிவிடும். சித்திரை வைகாசியில் இக்கடற்கரையில் சாக்லேட் செய்ய முடியாததற்கும், மார்கழியில் முடிவதற்கும் இதுவே காரணம். டாஃபிக்குப் பகையான மாதம் சாக்லேட்டுக்கு நட்பாக இருக்கிறது! உருக்கும்போது ஒரு சொட்டு நீர் பட்டாலும் சாக்லேட் திரண்டு கெட்டியாகிவிடும். ஈரக் கரண்டியை அருகே கொண்டு செல்லாதீர்கள்.

கோகோ ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 1798-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் கோகோச் செடிகளை நட்டுப் பார்த்தார்கள். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக நிற்கிறது.

பிள்ளைகளை இவ்வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அதே மூச்சில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கொதிக்கும் நீர் பட்டால் வழிந்து போய்விடும். 150 டிகிரிப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே பாகு அடுப்பில் இருக்கும் வரை சிறுவர்கள் அடுப்பங்கரைக்கு வெளியே. சலிப்பது, முந்திரி உடைப்பது, உறை சுற்றுவது அவர்கள் பங்கு. தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் உடனே குழாய் நீரின் கீழ் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். ஒட்டியிருக்கும் பாகைப் பிய்க்காதீர்கள். கொப்புளம் பெரிதானாலும், முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலும் மருத்துவரிடம் செல்லத் தாமதம் வேண்டாம். நான்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடின டாஃபியும் முழுக் கடலையும் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பால் பவுடர் சாக்லேட்டே ஏற்றது. நீரிழிவுள்ள தாத்தா பாட்டிக்குத் தெரியாமல் பேரப்பிள்ளைகள் ஊட்டிவிடும் டாஃபியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை; அது எல்லா வீட்டிலும் நடப்பதே.

பாதுகாக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆலைகளில் டாஃபியை வெட்டியவுடனே ஒவ்வொன்றாக உறையிடுவது அழகுக்காக மட்டுமல்ல. நாமும் தட்டில் காட்சிக்கு வைத்திராமல், கைச்சூடு ஆறியதும் வெண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி இரு முனைகளையும் முறுக்கிவிட வேண்டும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவின் அடியில் ஒரு பிடி அரிசியை வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து போடுங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தில் ஓரளவை அது வாங்கிக்கொள்ளும். சாக்லேட்டைக் குளிர்பெட்டியில் வைத்தவர்கள் டப்பாவை வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட்டின்மீது பனித்துளியாகப் படிந்து, காய்ந்தபின் வெள்ளை பூத்ததுபோல் தோன்றும். டப்பா அறைச்சூட்டுக்கு வரும் வரை ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள்.

டிசம்பர் 20-ஆம் நாளுக்குப் பிறகு வரும் முதல் உலர்ந்த நாளில் வெண்ணெய் டாஃபியை முடித்துவிடுங்கள். பால் டாஃபியை 22, 23 தேதிகளில் செய்யலாம். சாக்லேட்டை 24-ஆம் நாள் பிற்பகலில், நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன் செய்து ஆறவிட்டால் போதும். அக்கம்பக்கத்தார்க்கு அனுப்பும் தட்டில் வெண்ணெய் டாஃபியை உறையோடு வையுங்கள். எதிர்வீட்டு அம்மாளிடம், உடனே டப்பாவில் போட்டு மூடிவிடும்படியும் சொல்லி அனுப்புங்கள்.