படத்தில் விழாத பாரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் உழைப்பவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால், கடைசியில் கைக்கு வருவது ஒரு பெரிய உறை. உள்ளே எம்.ஆர்.ஐ. படம். 'எல்4–எல்5ல டிஸ்க் விலகியிருக்கு' என்ற ஒரு வரியைக் கேட்டதும், இனி நம் உடம்பு அவ்வளவுதான் என்று மனம் தளர்ந்துவிடுகிறது.

அந்த வரியைச் சொல்ல மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது. 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்தது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு, அதாவது டிஸ்க் எனப்படும் வட்டு, தெரியவில்லை. இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீரென்று இறங்கும் வலியை வாதம் என்றார்கள், நரம்பு வீக்கம் என்றார்கள். பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்தினாலும் இந்த வலி வரும் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற மருத்துவர்கள் எழுதியது 1934இல். நம் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் எழுந்ததும் அதே ஆண்டுதான். ஆனாலும் முதுகுத்தண்டுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, அது தடைபடும் இடத்தை வைத்து வட்டை ஊகித்த காலம் அது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. வந்தது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தபோதுதான், நீர் நிறைந்த வட்டு வெளுப்பாகவும் வற்றியது கறுப்பாகவும் நேராகக் கண்ணில் பட்டன.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே ஒரு சிக்கலாயிற்று. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்தார்கள். எல்லா வட்டுகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மட்டுமே. அப்படியென்றால், காலைத் தூக்கிப் பார்க்காமல், பாதத்தின் வலுவையும் மரத்துப்போன இடத்தையும் சோதிக்காமல் படத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது பெரும் தவறு. பிதுங்கிய வட்டு பலருக்குத் தானே சுருங்கிவிடுவதையும் இதே கருவிதான் காட்டியது. சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துவிட்டது, பாதம் தொங்குகிறது என்றால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது கத்தி வைக்க வேண்டிய இடத்தைக் காட்டி, இந்தப் படமே ஒருவரின் நடையைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

படத்தில் விழாதது தொழிலாளி சுமக்கும் எடை. குனிந்தபடி பாரம் தூக்கினால் வட்டுக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதை ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960களிலேயே ஊசி செலுத்தி அளந்தார். உடலைக் கெடுக்கும் பாரத்தைத் தொழிலாளியைத் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் சொன்னது. வட்டு எத்தனை மில்லிமீட்டர் பிதுங்கியது என்று எழுதும் மருத்துவர், தொழிலாளி ஒரு ஷிப்டில் எத்தனை முறை குனிகிறார், எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதையும் எழுத வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவரிடம் அதை அவர் மொழியில் கேட்க ஓர் ஆள் வேண்டும். பதில், அவரை வேலைக்கு வைத்திருக்கும் ஆலைக்கும் போய்ச்சேர வேண்டும்.