இணைமூலமும் அதன் நிபந்தனையும்

இயற்கணிதம் பயிலும் மாணாக்கர் பலர், கலப்பெண் மூலங்கள் இணை இணையாகவே வரும் என்னும் விதியை நெட்டுருச் செய்து, பரீட்சையில் அதனைப் பிரயோகித்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். அவ்விதி ஏன் உண்மையாகின்றது, எவ்விடத்து உண்மையாகாது என வினவுவார் மிகச் சிலரே. நிபந்தனையை விடுத்துக் கற்ற விதி அரை உண்மையேயாம் என்பது எமது கருத்து.

தெரியாத எண்ணைக் 'க' என்று கொள்வோம். 2+3√−1 ஒரு மூலமாயின், 2−3√−1 என்பதும் மூலமென்பர். இவற்றின் கூட்டுத்தொகை 4, பெருக்குத்தொகை 13. ஆகவே க²−4க+13 என்னும் காரணி கிடைக்கின்றது. கற்பனை எண்கள் இரண்டு கூடி, மெய்யெண்களே அமைந்த காரணியைத் தந்தமை காண்க.

இதன் காரணம் எளிதே. மூலத்தைக் கோவையிற் பெய்து விரித்தால், ஒரு மெய்ப்பகுதியும் √−1 உடன் கூடிய ஒரு பகுதியும் தோன்றும். விடை சுழியமாதலால் இரண்டும் தனித்தனியே சுழியமாம். √−1-இன் குறியை மாற்றிப் பெய்தால் இரண்டாம் பகுதியின் குறி மட்டுமே மாறும். சுழியம் சுழியமாகவே நிற்கும். ஆனால் குணகங்கள் யாவும் மெய்யெண்களாய் இருந்தாலன்றி இவ்வாதம் செல்லாது. க²−(1+√−1)க+√−1=0 என்பதன் மூலங்கள் 1, √−1 என்பனவே; −√−1 அங்கு மூலமன்று. விதியை மட்டும் கற்றவன் இவ்விடத்தில் இடறுவான்.

இடறியோர் மாணாக்கர் மட்டுமல்லர். க⁴+அ⁴ என்பதை மெய்யான இருபடிக் காரணிகளாகப் பகுத்தல் இயலாதென 1702-இல் லைப்னிட்சு என்னும் பேரறிஞரே எழுதினார். க⁴+4 என்பதை எடுத்துக்கொள்வோம். 1+√−1 என்னும் மூலத்தை −1−√−1 உடன் சேர்த்தால் க²−2√−1 வரும், கற்பனை நீங்காது. அதனை 1−√−1 உடன் சேர்த்தால் க²−2க+2 வரும். எஞ்சிய இரண்டும் க²+2க+2 தரும். துணையறிந்து சேர்த்தலிலேயே யாவும் அடங்கியுள்ளது. மெய்க்குணகக் கோவை எதுவும் ஒருபடி, இருபடி மெய்க்காரணிகளாகப் பகுபடும் என்பதையே 1799-இல் காஸ் தம் பட்ட ஆய்வுரைக்குப் பொருளாகக் கொண்டார்.

நம் நாட்டினரும் இத்துறையிற் பெயர் நாட்டியுள்ளனர். சென்னை இராமானுஜன் கணித நிலையத்தின் தலைவராய் விளங்கி 1955-இல் மறைந்த தி. விஜயராகவன் பெயராலும், பிரெஞ்சு அறிஞர் பீசோ பெயராலும் ஒருவகை எண்கள் வழங்குகின்றன. முதற்குணகம் 1 ஆகவும் ஏனையவை முழுவெண்களாகவும் உள்ள சமன்பாட்டில், ஒரு மூலம் ஒன்றினும் பெரிதாய், மற்றவை யாவும் அளவில் ஒன்றினும் சிறியவாயின், அப்பெரிய மூலம் அவ்வகையினது. அவற்றுள் மிகச் சிறியது க³−க−1=0 என்பதன் மெய்மூலமாகிய 1.3247 என்று 1944-இல் சீகல் நிறுவினார். அதற்குரிய காரணியை நீக்கினால் ஏறத்தாழ க²+1.3247க+0.7549 எஞ்சும்; அதுவே இரு கலப்பெண் மூலங்களின் காரணி. 0.7549 ஒன்றினும் சிறிதாதலால் அவ்விரண்டின் படிகள் தேய்ந்துகொண்டே போக, 1.3247-இன் படிகள் முழுவெண்களை மேன்மேலும் அணுகும்.

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் போன்ற ஊர்களினின்று தமிழ்வழி பயின்று வரும் மாணாக்கன், இவ்விதியை ஆங்கில நூலிற் காணுங்கால், பொருள் விளங்காவிடின் மனனத்தையே துணைக்கொள்வான். குற்றம் அவனதன்று. ஆசிரியர் முதலிற் காரணத்தைத் தாய்மொழியில் விளக்குக. பின்னர் விதியைக் கூறுக. வினாத்தாள் அமைப்போரும், காரணியைக் காண்க என்பதனோடு நில்லாது, இணைமூலம் இங்கு ஏன் வரும் அல்லது வாராது என்றும் வினவுக. அவ்வொரு வினா வழக்கமாகுமேல், நெட்டுரு தானே ஒழியும்.