அம்மம்மாவின் நம்பர் யாரிடம் இருக்கிறது?

"ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?" தனியுரிமை பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வயதுக்காரர் உடனே சொல்லும் பதில் இது. சரி, உங்களிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் போனில் யாழ்ப்பாணத்து அம்மம்மா, கொழும்பு மாமா, ஸ்கார்பரோ பெரியம்மா எல்லாருடைய நம்பரும் இருக்கிறது. ஒரு செயலி கான்டாக்ட்ஸைக் கேட்டதும் "அலவ்" என்று தட்டுகிறீர்களே, அது அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்மதம். அவர்களை யாரும் கேட்கவில்லை.

"இதெல்லாம் போனில் கதைக்க வேண்டாம்" என்று அம்மா அப்பா குரலைத் தாழ்த்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல.

வாட்ஸ்அப்பை 2014இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016 முதல் அதில் அனுப்பும் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. நிறுவனத்தால் வாசிக்க முடியாது. அதற்குப் பயன்படுவதே சிக்னலின் தொழில்நுட்பம்தான். ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை தடவை தொடர்புகொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஒரு வீட்டுக்கு நள்ளிரவில் வரிசையாக இருபது அழைப்புகள் போனால், அங்கே என்ன நடந்தது என்று ஊகிக்கப் பேச்சைக் கேட்கவா வேண்டும்?

2016இல் அமெரிக்காவில் சிக்னலிடம் ஒரு பயனர் பற்றிச் சட்டப்படி தகவல் கேட்டார்கள். அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விஷயம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றதை அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. நிரல் எல்லாரும் பார்க்கத் திறந்திருக்கிறது. நடத்துவது இலாப நோக்கற்ற அமைப்பு. குறையும் உண்டு. பதிவு செய்ய இன்னும் போன் நம்பர் வேண்டும்.

(டெலிகிராம் இரகசியமானது என்று நம்புபவர்களுக்கு: அதன் சாதாரண உரையாடல்களுக்கு இந்த மறையாக்கம் கிடையாது. 'சீக்ரெட் சாட்'டுக்கு மட்டும்தான்.)

குடும்பக் குழுவை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலை வணக்கப் பூக்களோடு அம்மம்மா அங்கேதான் இருப்பார். மச்சான், மச்சாள் நாலு பேரோடு சிக்னலில் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய், மறையாக்கம் செய்த பேக்கப்பைப் போடுங்கள். 2021இல் வந்த வசதி, நீங்களாகப் போடாவிட்டால் வேலை செய்யாது. அம்மம்மாவின் போனிலும் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.