சான்றிதழ் இல்லாத படங்கள்

சுவரொட்டியில் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தைக் கண்டதும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நம் பெற்றோருக்கு நெடுநாளைய பழக்கம். 1952ஆம் ஆண்டின் சினிமாச் சட்டம் செய்துகொடுத்த வசதி அது. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர் துணையுடன் பார்க்கத்தக்க படங்களும் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. திரைப்படங்களையும் தொடர்களையும் இணையத்தில் வழங்கும் நிறுவனங்களும் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இவ்வாறே வயதைக் குறிப்பிட வேண்டும்.

ஆனால் செல்போனில் குழந்தைகள் மணிக்கணக்கில் பார்ப்பது யூடியூப் வீடியோக்களையே. யாரோ எங்கிருந்தோ ஏற்றிவிட்ட அந்தக் காட்சிகளை எந்தத் தணிக்கைக் குழுவும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. 'குழந்தைகளுக்கானது' என்ற அடையாளம் 2020 முதல் உண்டு என்பது மெய்தான். சிறுவர்களைப் பற்றிய தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதற்காக 2019இல் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் மீது 17 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த ஏற்பாடு அது. விளம்பரத்தையும் தகவல் சேகரிப்பையும் பற்றியது. வீடியோ நல்லதா என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. அதை முதலில் அறிவிப்பவரும் வீடியோவை ஏற்றியவரே. தன் சரக்குக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வதைச் சந்தையில் யார் ஏற்பார்கள்?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. பீன்யாவில் இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை பகலில் உறங்குகிறார். தாய் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விடுகிறார். பாட்டியோ தருமபுரியில். ஒற்றை அறை வீட்டில் குழந்தை சத்தமின்றி இருக்கச் செல்போனைத் தவிர வேறு வழியில்லை என்றால், அந்தப் பெற்றோரைக் குறை கூற யாருக்கும் வாய் வராது. தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் கற்ற குழந்தை அம்மொழிகளிலேயே வீடியோ பார்க்கிறது. பெற்றோருக்கு அது பாதிதான் விளங்குகிறது. 'பொம்மைப் படம்தானே' என்று விட்டுவிடுகிறார்கள்.

பொம்மைப் படம் என்ற நம்பிக்கையே 2017இல் பொய்த்துப் போயிற்று. பெப்பா என்ற பன்றிக்குட்டி, ஸ்பைடர்மேன் போன்ற பிரபல பாத்திரங்களைப் போலியாக வரைந்து, வன்முறையும் ஆபாசமும் கலந்த வீடியோக்கள் ஏராளமாக உலவியது அப்போது வெளிப்பட்டது. பெப்பா பல் மருத்துவரிடம் சித்திரவதைப்படும் காட்சியும் அவற்றில் ஒன்று. சிறுவர்களுக்கென்றே அமைந்த யூடியூப் கிட்ஸ் செயலியிலும் சில நுழைந்துவிட்டன. அவற்றின் முகப்புப் படங்கள் வெறும் கேலிச் சித்திரங்களாகவே தோன்றின.

எனவே முகப்பையும் தலைப்பையும் நம்பாமல், வீடியோவின் நடுவில் இரண்டு மூன்று இடங்களைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. மொழி தெரியாதவருக்கும் கண் உண்டு. அடியும் அலறலும்தான் வேடிக்கையா? ஒரு குழந்தையை அழவைத்து மற்றவர்கள் சிரிக்கிறார்களா? பெட்டி பெட்டியாகப் பொம்மைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறார்களா? கடைசியில் சொன்னது பெரும்பாலும் விளம்பரமே. மறுநாள் கடைவீதியில் குழந்தை பிடிக்கும் அடம் அதன் பலன். வீட்டில் செய்துபார்க்கத் தூண்டும் துணிச்சல் விளையாட்டுகளையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய சோதனை ஒன்று உண்டு. பார்த்த கதையைத் தமிழில் சொல்லும்படி குழந்தையைக் கேட்கலாம். கதை இருந்தால் சொல்லும், இல்லையேல் திகைக்கும். சொல்லத் தயங்கினால், என்ன பார்த்தது என்று அருகில் அமர்ந்து விசாரிக்க வேண்டிய நேரம் அது. நாளடைவில் மறந்துவரும் தாய்மொழிக்கும் இப்படிப் பத்து நிமிடம் கிடைக்கும்.

வீட்டில் உள்ள ஒரே செல்போன் தந்தையுடையது என்றால் இன்னொரு விஷயம். அவர் இரவில் பார்த்தவற்றை ஒட்டியே பகலில் குழந்தைக்கும் அடுத்த வீடியோ பரிந்துரைக்கப்படும். இது பலருக்குத் தெரிவதில்லை. தானாக அடுத்ததற்குத் தாவும் வசதியை அணைத்துவிடலாம். யூடியூப் கிட்ஸில் தேடும் வசதியை நிறுத்தி, பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்களை மட்டும் காட்டச் செய்யவும் வழி இருக்கிறது. இயர்போன் வேண்டாம், சத்தம் வெளியே கேட்கட்டும். உறங்குபவருக்குத் தொல்லைதான், என்றாலும் அரைத் தூக்கத்திலாவது காதில் விழும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, 5 வயது வரை நாளுக்கு 1 மணிக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

வேலைக்குச் செல்லும் பெற்றோர் ஒவ்வொருவரும் தனித்தனியே சலித்துப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அல்சூரில் உள்ள தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், ஆசிரியர்களையும் தாய்மார்களையும் கொண்டு, பார்த்துத் தேர்ந்த தமிழ்க் குழந்தை வீடியோக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கு வழங்கலாம். பொங்கலுக்குள் முதல் பட்டியல் வந்தால் நலம்.