91 கி.மீ. சுரங்கம்: உத்தரவாதம் இல்லாத தேடலுக்கு நிதி கிடைக்குமா?

ஜெனீவா: சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையில் பூமிக்கு அடியில் சுமார் 91 கி.மீ. சுற்றளவு கொண்ட புதிய துகள் மோதல் இயந்திரத்தை அமைக்க ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான 'செர்ன்' திட்டமிட்டுள்ளது. இதற்கு ஒப்புதல் அளிப்பது குறித்து உறுப்பு நாடுகள் 2028-ஆம் ஆண்டு வாக்கில் முடிவெடுக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.

'எதிர்கால வட்ட மோதல் இயந்திரம்' எனப்படும் இத்திட்டத்தின் சாத்தியக்கூறு ஆய்வறிக்கை 2025 மார்ச் 31-இல் வெளியானது. முதல் கட்டத்துக்கு மட்டும் 1,500 கோடி சுவிஸ் பிராங்க் செலவாகும் என அதில் மதிப்பிடப்பட்டுள்ளது. இது இந்திய மதிப்பில் ரூ.1.5 லட்சம் கோடிக்கும் அதிகம்.

இப்போதுள்ள 27 கி.மீ. சுற்றளவு கொண்ட 'லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்' இயந்திரத்துக்குத் தெளிவான இலக்கு இருந்தது. கோட்பாடு முன்னுணர்ந்த ஹிக்ஸ் போசான் துகளை அது 2012-இல் கண்டறிந்தது. புதிய இயந்திரத்துக்கு அத்தகைய உறுதியான இலக்கு ஏதுமில்லை. ஹிக்ஸ் துகளின் பண்புகளை மிக நுட்பமாக அளவிடுவதே அதன் முதல் பணி. அந்த அளவீடுகளில் தென்படும் சிறு விலகலும் கரும்பொருள் போன்ற புதிர்களுக்கு விடை தரக்கூடும் என்பது ஆதரவாளர்களின் வாதம். இத்தொகையைச் சிறிய ஆய்வுகள் பலவற்றுக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்கின்றனர் விமர்சகர்கள். செர்னுக்கு அதிக நிதி வழங்கும் ஜெர்மனியும் செலவு குறித்து 2024-இல் கவலை தெரிவித்தது.

இக்கவலைக்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் 87 கி.மீ. சுற்றளவில் தொடங்கப்பட்ட மோதல் இயந்திரத் திட்டத்தின் மதிப்பீடு 440 கோடி டாலரிலிருந்து 1,100 கோடி டாலராக உயர்ந்தது. சுமார் 200 கோடி டாலர் செலவிடப்பட்டு, 20 கி.மீ.க்கும் மேல் சுரங்கம் தோண்டப்பட்ட நிலையில், 1993-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது.

அதேவேளையில், தாமதத்துக்கும் விலை உண்டு. இப்போதைய இயந்திரம் 2041-இல் ஓய்வுபெறும். உரிய காலத்தில் ஒப்புதல் கிடைத்தாலும் புதிய இயந்திரம் 2040-களின் பிற்பகுதியில்தான் இயங்கத் தொடங்கும். இந்த இடைவெளி நீண்டால், பல தலைமுறைகளாகச் சேர்ந்த தொழில்நுட்பத் திறன் சிதறிவிடும்.

இப்போதைய இயந்திரத்துக்கு மீகடத்துக் காந்தங்களை வழங்கிய இந்தியா, 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடாக உள்ளது. எனினும், இறுதி முடிவில் இந்தியாவுக்கு வாக்குரிமை இல்லை. என்ன கிடைக்கும் என்று அறியாமலேயே பல பத்தாண்டுகளுக்கு நிதியளிக்க உறுப்பு நாடுகள் முன்வருமா என்பதே இத்திட்டத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.