சொல்லி முடிக்க விடுங்கள்



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயாளர் இல்லங்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது என் வழக்கம். அவ்வாறு செல்லும் வீடுகளுள் ஒன்றில் எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் நற்கருணை உட்கொண்டபின் அவர், "சாமி, புதிதாகக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது" என்றார். நான் போக வேண்டிய வீடுகள் இன்னும் ஆறு இருந்தன. "டாக்டருக்குத் தெரியாததா, அம்மா? அவர் சொன்னபடி சாப்பிடுங்கள்" என்று கூறி ஆசீர் அளித்துவிட்டுப் புறப்பட்டேன்.

அடுத்த மாதம் அத்தாயை மருத்துவமனைக் கட்டிலில் கண்டேன். விடியற்காலையில் எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். "டாக்டரிடம் சொல்லவில்லையா?" என்று வினவினேன். "சொல்ல வாயெடுத்தேன், சாமி. அவர் என் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். மகனும், நீ சும்மா இரும்மா என்று சொல்லிவிட்டான். பிறகு உங்களிடம் சொன்னேன்..." என்றவர், அதற்குமேல் பேசாமல் நிறுத்திக்கொண்டார். மருத்துவர், மகன், குரு ஆகிய மூவரும் கேட்கத் தவறினோம். ஆகவே இம்மாதம் பிறரைக் குறைகூற நான் எழுதவில்லை. மூன்றாம் குற்றவாளியாக நின்றே எழுதுகிறேன்.

நோயாளியின் பேச்சு எவ்வளவு விரைவில் தடைபடுகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர்–நோயாளி சந்திப்புகள் 74 பதிவு செய்யப்பட்டன. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய பின், சராசரியாகப் பதினெட்டாவது விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததைத் தடையின்றிச் சொல்லி முடித்தோர் கால் பங்கினருக்கும் குறைவே.

"முழுவதும் பேசவிட்டால் நாள் முழுதும் பேசுவார்களே" என்று மருத்துவர்கள் அஞ்சலாம். 2002-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு இதற்கு விடை தருகிறது. அங்கே மருத்துவர்கள் குறுக்கிடாமல் கேட்டனர். 335 நோயாளிகள் தாமாகப் பேசி முடிக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 விநாடிகள். அதாவது ஒன்றரை நிமிடம். ஐவரில் ஏறக்குறைய நால்வர் இரண்டு நிமிடத்திற்குள் முடித்துவிட்டனர். ஒரு பரலோக மந்திரத்தையும் இரண்டு மூன்று அருள்நிறை மந்திரங்களையும் நிதானமாகச் செபிக்கும் நேரம்தான் அது.

மருத்துவர்களின் சுமையை நாம் மறந்துவிடலாகாது. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் சராசரி நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். வங்காளதேசத்திலோ 48 விநாடிகள். நம் அரசு மருத்துவமனைகளில் வெளிநோயாளர் வரிசையைக் கண்டவர்கள், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்மேலும் இரக்கம் கொள்வர். ஆயினும் நேரம் குறைவு என்பதற்காக மரியாதையும் குறைய வேண்டியதில்லை. முகம் பார்த்துப் பேசுவதற்கும், பெயர் சொல்லி அழைப்பதற்கும், பரிசோதிக்குமுன் திரையை இழுத்துவிடுவதற்கும் தனியே நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை இல்லத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தி, மருத்துவர் பலரிடம் துன்புற்றுக் கைப்பொருளையும் இழந்தவள், ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். தொட்டவுடனே குணம் கிடைத்துவிட்டது. ஆண்டவரோ சாகுந்தறுவாயில் இருந்த யாயிரின் மகளைக் காண விரைந்துகொண்டிருந்தார். நாமாக இருந்தால் நடந்திருப்போம். அவர் நின்றார், தேடினார், நடுங்கி வந்த அப்பெண் உண்மை முழுவதையும் சொல்லும்வரை கேட்டார், மகளே என்று அழைத்தார். நோய் முன்னமே நீங்கிவிட்டது. அவள் மனத்துயரும் நீங்க வேண்டியிருந்தது. அதற்குச் செவிகொடுத்தலே மருந்தாயிற்று.

நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லுஸ் (1550–1614) தாமே நோயாளியாக இருந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமை மருத்துவமனையில் கிடந்தபோது, கூலிக்குப் பணிசெய்தோரின் அலட்சியத்தைக் கண்ணாரக் கண்டார். பின்னர் துறவற சபையொன்றை நிறுவி, தாய் தன் ஒரே பிள்ளையைப் பேணுவதுபோல் நோயாளரைப் பேணவேண்டும் என்று கற்பித்தார். நம் வள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவன் அடுத்தே வருகிறான்.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. மருத்துவரிடம் போகுமுன் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளே, அவர்களுக்காக நீங்கள் விடையளிக்காதீர்கள். அவர்கள் சொல்லி முடித்தபின் விட்டுப்போனதைச் சேருங்கள். விளங்காததைத் திரும்பக் கேட்பது அவமரியாதை அன்று. 2018-இல் நம் தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைக் கூறுகிறது. நோயைப்பற்றி அறிதல், அறிந்து ஒப்புதல் தருதல், வேறொரு மருத்துவரின் கருத்தை நாடுதல், மானமும் அந்தரங்கமும் காக்கப்படுதல் ஆகியன அவற்றுள் சில.

மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரியும் நம் பங்கின் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை அனுப்புமுன், "இன்னும் ஏதேனும் சொல்ல வேண்டுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மௌனமாய்ப் போக இருந்த உண்மை அப்போது வெளிவரக்கூடும்.

அந்தத் தாய் இப்போது ஊன்றுகோலின் துணையோடு நடமாடுகிறார். மருத்துவர் விசாரித்து மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார். மகன் மன்னிப்புக் கேட்டான், நானும் கேட்டேன். "அதனால் என்ன, சாமி" என்றார். முதல் வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிற்கு இப்போது கடைசியாகவே செல்கிறேன். அதற்குப்பின் போகவேண்டிய வீடு வேறில்லை; அவர் சொல்லி முடிக்கும்வரை அமர்ந்திருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை